மதகு அடைத்த மாதத்தில் வருகிறீர்கள்

அரைப்பரீட்சை லீவுக்கு ஆலப்புழை என்று முடிவுசெய்து, வேனுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்ட குடும்பங்களுக்கு,

நான் நாகர்கோவில்காரன். தேங்காய் நார் வியாபாரம் என்னை ஆலப்புழைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் இங்கேயே என்றாகிவிட்டது. கயிற்றுக்குப் பேர்போன ஊருக்குப் பொள்ளாச்சியிலிருந்து நார் வருகிறது என்றால் நம் பக்கத்தில் சிரிக்கிறார்கள். ஆனால் இங்கே நெய்கிற மிதியடிக்கும் பாய்க்கும் வேண்டிய நாரில் பெரும்பங்கு தமிழ்நாட்டு லாரிகளில்தான் வந்து இறங்குகிறது. டிசம்பர் கடைசியில் அந்த லாரிகளுக்குப் பின்னாலேயே உங்கள் வேன்களும் வரும். சந்தோஷம்தான். கடைவாசலில் நின்று வழி கேட்கிறவர்களோடு தமிழில் நாலு வார்த்தை பேசக் கிடைக்கும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் வருகிற அதே வாரங்களில்தான் இந்தக் காயலின் கதவு சாத்தியிருக்கும்.

வேம்பநாட்டுக் காயல் வடக்கே கொச்சியில் கடலோடு சேர்கிறது. தெற்குப் பாதியில், அதாவது ஆலப்புழைப் பக்கத்தில், பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் என்று நாலு ஆறுகள் வந்து விழுகின்றன. மழை ஓய்ந்து ஆற்றில் வரத்து குறைந்தால், கடலின் உப்புத் தண்ணீர் காயல் வழியாக உள்ளே ஏறும். ஏறினால், காயலை ஒட்டிய தாழ்நிலமான குட்டநாட்டில் நெல் போச்சு. அதைத் தடுக்கத்தான் 1970களில், தண்ணீர்முக்கத்துக்கும் எதிர்க்கரை வெச்சூருக்கும் நடுவே, காயலின் குறுக்கே தடுப்பணை கட்டி மதகு வைத்தார்கள். டிசம்பர் நடுவில் இறக்கி மார்ச் நடுவில் தூக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. அறுவடை தள்ளிப்போகிற வருஷங்களில் ஏப்ரல் ஆகும், அதையும் தாண்டும். நெல்காரர்கள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்பார்கள், மீன்காரர்கள் உடனே தூக்கு என்பார்கள். வருஷா வருஷம் நடக்கிற சண்டை இது.

மீன்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆற்றுக்கொஞ்சு என்று இங்கே சொல்லும் பெரிய நன்னீர் இறால், முட்டையிட உப்புக் கலந்த தண்ணீரைத் தேடிக் கீழே போக வேண்டும்; குஞ்சுகள் திரும்ப மேலே ஏறி வர வேண்டும். வழியில் அணை நிற்கிறது. கக்கா எனப்படும் மட்டிக்கும் இனம் பெருக உப்பு வேண்டும். முன்பெல்லாம் கோடையில் உப்பு ஏறியதும் ஆகாயத்தாமரை தானே கருகி அழியும். இப்போது மதகுக்குத் தெற்கே அது செழித்துக் கிடக்கிறது.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். ஓதம் ஏறி இறங்குகிற காயல் தன்னைத்தானே அலசிக்கொள்ளும். மதகு அடைத்த காயலால் அது முடியாது. கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை ஹவுஸ்போட்டுகளிலிருந்து விழுகிற கழிவு, சாப்பாட்டு மிச்சம், குர்குரே பாக்கெட் எல்லாம் மதகுக்கு இந்தப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சபரிமலை சீசனும் அதுவேதான். மாலை போட்டு பம்பையில் முழுகிவிட்டு வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பம்பைத் தண்ணீரும் வந்து சேருவது இங்கேதான். கைனகரி பக்கத்தில் ஒரு வீட்டுக் கடவில், அதாவது படித்துறையில், நின்று பாருங்கள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். அந்த வீட்டுக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு குடிதண்ணீர்ப் படகுக்குக் காத்திருப்பாள். பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் மட்டும் அந்தக் காயல் தண்ணீரில்.

வராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது உங்கள் வரவால்தான். ஹவுஸ்போட் பேசும்போது ஏசி உண்டா, கேரம் போர்டு உண்டா, கரிமீன் ஒரு ஆளுக்கு ஒன்றா இரண்டா என்றெல்லாம் கேட்கிறீர்களே, கூடவே கக்கூஸ் தொட்டியை எங்கே கொண்டுபோய்க் காலி செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற முதலாளியின் படகில் ஏறுங்கள். பத்து வேன்காரர்கள் தொடர்ந்து கேட்டால் பதினோராவது ஆளுக்கு முன்னால் ஒழுங்காகத் தொட்டி வைப்பார்கள். வியாபாரி சொல்கிறேன், நம்புங்கள்.

ஹவுஸ்போட் பற்றி இன்னும் கொஞ்சம். உங்கள் காசு விஷயம் என்பதால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இந்த வள்ளங்கள் முதலில் நெல்லும் சரக்கும் ஏற்றிக் கொச்சிக்குப் போனவை. அயினிப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் இழுத்துத் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கட்டியவை. லாரி வந்து அவற்றுக்கு வேலை இல்லாமல் செய்தது. 1990களில் மேலே மூங்கில் கூரை போட்டு, உள்ளே கட்டில் போட்டு, சுற்றுலாவுக்கு விட ஆரம்பித்தார்கள். இன்று அதில் மாடி உண்டு, கான்ஃபரன்ஸ் ஹால் உண்டு.

ஒரு நாள் வாடகை என்றால் இருபத்துநாலு மணி நேரப் பயணம் என்று நினைத்து வந்து சண்டை போடுகிறவர்கள் உண்டு. மதியம் பன்னிரண்டு வாக்கில் ஏற்றுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குள் கரையில் கட்டிவிட வேண்டும். ராத்திரி காயல் வலை விரிக்கிற மீனவர்களுக்குரியது. அந்த நேரத்தில் ஹவுஸ்போட் ஓடினால் வலை அறுந்துபோகும். காலையில் இன்னும் ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டி ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். ஏசி பல படகுகளில் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைதான். பகல் முழுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி ரேட். ஊர் எல்லையிலேயே பைக்கில் வந்து வேனை மறித்து "சீப்பா முடிச்சுத் தர்றேன் அண்ணாச்சி" என்பவரிடம் மாட்டாதீர்கள். அவருடைய கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். புன்னமடையில் ஃபினிஷிங் பாயின்ட் என்கிற படகுத்துறைக்கே நேரே போய், படகுக்குள் ஏறி, மெத்தையையும் குழாயையும் பார்த்துவிட்டு ரேட் பேசுங்கள். இல்லையா, படகுத்துறை ரோட்டில் மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் குழுவின் அலுவலகம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். டிசம்பர் 24க்கும் ஜனவரி 1க்கும் நடுவே கேட்கிற ரேட்டுக்கு மட்டும் என்னாலும் யாராலும் பரிந்து பேச முடியாது.

என் அபிப்பிராயம், ராத்திரி தங்கல் வேண்டாம். விரிந்த காயலின் நடுவில் அரை மணி நேரம் போனாலே அதன் அழகு தீர்ந்துவிடும். பிறகு எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள், பிள்ளைகள் டிவி போடு என்பார்கள். பெரிய படகு, தோடு என்று இங்கே சொல்லும் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையாது. குட்டநாடு இருப்பதோ அந்தத் தோடுகளில்தான்.

அதைப் பார்க்க அரசுப் படகில் ஏறுங்கள்.

கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்குத் தலைமையகம் ஆலப்புழையில். 1968 முதல் நடக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு, கைனகரி, கோட்டயம் என்று போர்டு மாட்டிய படகுகள் வந்து போகும். டிக்கெட் நம் டவுன் பஸ் மாதிரிதான். குடும்பத்தோடு கோட்டயம் வரை போனாலும் ஹவுஸ்போட்டில் ஒரு டீக்கு ஆகிற செலவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டயத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அவ்வளவு வேண்டாமென்றால் நெடுமுடி வரை போய் அடுத்த படகில் திரும்புங்கள்.

பழைய மரப் படகாகக் கிடைத்தால் முன்பக்கமாக உட்காருங்கள். சுக்கானைப் பிடித்திருப்பவர் ஸ்ராங்க். எஞ்சின் ஆள் தனியாகப் பின்னால் இருப்பார். அவருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஸ்ராங்க் தலைக்கு மேலே தொங்குகிற கயிற்றைச் சுண்டுவார், பின்னால் மணி அடிக்கும். இத்தனை அடித்தால் நிறுத்து, இத்தனை அடித்தால் பின்னால் எடு என்று கணக்கு. துறை நெருங்கும்போது லஸ்கர் என்கிற உதவியாள் கயிற்றோடு விளிம்பில் நிற்பார். படகு கல்லில் இடிப்பதற்கு ஒரு சாண் முன்னால் தாவி, குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார். பாட்டிமார், ஸ்கூல் பிள்ளைகள், கோழிக்கூண்டு, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறி இறங்கும், அரை நிமிஷம் கூட ஆகாது. நீங்கள் செல்ஃபி எடுக்க நடுவழியில் நின்றால் லஸ்கர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

படகு தோட்டுக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் பாருங்கள். வரப்பு அகலத்துக்கு ஒரு கரை. கரையில் வீடு, வாழை, துணிக்கொடி. வீட்டுக்குப் பின்னால் வயல். கொஞ்சம் எழுந்து நின்றால் தெரியும், வயல் உங்கள் படகை விடக் கீழே கிடக்கும். தண்ணீர் மேலே, நெல் கீழே. குட்டநாட்டு வயல்களில் பல கடல் மட்டத்துக்கும் கீழே இருப்பவை. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் தாழ்வு. கடல் மட்டத்துக்குக் கீழே விவசாயம் செய்கிற இந்த முறையை 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

அத்தனை தாழ்ந்த நிலத்தில் எப்படி விதைக்கிறார்கள்? மழைக்காலத்தில் வயலெல்லாம் காயலோடு காயலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கரையை அடைத்து, தேங்கின தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி, சேற்றில் விதைப்பார்கள். இறைப்பதற்குப் பெட்டியும் பறையும் என்றொரு ஏற்பாடு: நட்டமாக நிற்கும் பீப்பாய், அதற்குள் மோட்டாரில் சுழலும் இலைச்சக்கரம், அதோடு சேர்ந்த நீளமான மரப்பெட்டி. வயல் தண்ணீரை உறிஞ்சி மேலே தூக்கித் தோட்டில் கொட்டும். அதற்கு முன்னால் காலால் மிதிக்கிற சக்கரம். வரிசையாக ஆட்கள் ஏறி உட்கார்ந்து இரவும் பகலும் மிதிப்பார்கள். நீங்கள் வருகிற நாளில் பயிர் முழங்கால் உயரம் இருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை. மதகு அடைத்திருப்பது இந்தப் பச்சைக்காகத்தான்.

சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் ராஜ குடும்பத்துப் பெயர் வைத்த வயல்கள் காயலின் நடுவிலேயே இருக்கின்றன. 1940களில், யுத்தகால அரிசிப் பஞ்சத்தில், முரிக்கன் என்கிற பெரும் விவசாயி காயலை அடைத்து எடுத்த நிலம் அது. ஹவுஸ்போட் வழிகாட்டி முரிக்கனின் பெயரை மட்டும் சொல்லுவார். தென்னந்தடியை அடித்து இறக்கி, காயலுக்குள் மூச்சடக்கி மூழ்கி, அடியிலிருந்து சேற்றுக்கட்டி வெட்டி எடுத்து வந்து அந்தக் கரையைக் கட்டியவர்கள் கூலிக்காரர்கள், பெரும்பாலும் புலையர் சமூகத்தார். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வழியில் மங்கொம்பு என்று ஒரு ஊர் வரும். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் குடும்பத்துப் பூர்வீகம் அதுதான். நெல் ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கிறது. குட்டநாட்டை எப்படி மீட்பது என்று 2007இல் அறிக்கை கொடுத்ததும் அவருடைய அறக்கட்டளைதான்.

ஒரு வேண்டுகோள். தோட்டை நீங்கள் ஆறு என்று நினைக்கிறீர்கள், இங்குள்ளவர்களுக்கு அது தெரு. கடவு என்பது அவர்கள் வாசல்படி. குளித்துக்கொண்டிருக்கிற பெண்ணைப் படகிலிருந்து போட்டோ எடுப்பதும், ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு வைத்து மேல்தளத்தில் ஆடுவதும் நம் தெருவில் ஒரு வெளியூர்க்காரன் செய்தால் சும்மா விடுவோமா? இந்த இரண்டு விஷயத்தில் நம் வேன்களுக்கு இங்கே நல்ல பெயர் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் என் முகத்துக்கு நேரே சொல்லுகிறார்கள். நானும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

ஊருக்குள் ஒரு அரை நாளாவது சுற்றுங்கள். எல்லோரும் கடற்கரைக்குப் போய், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த பாலத்தின் முன்னால் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது கப்பலுக்குச் சரக்கு ஏற்றிய பாலம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து திருவிதாங்கூருக்குத் திவானான ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த துறைமுகம் இது. காயலிலிருந்து சரக்கு கடற்கரைக்கு வர இரண்டு வாய்க்கால் வெட்டினார்கள், இன்றும் நகரத்தின் நடுவே ஓடுகின்றன. இயற்கைத் துறைமுகம் இல்லாத கரையில் கப்பல் எப்படி நின்றது என்று கேட்டால், சேறு. மழைக்காலத்தில் இந்தக் கரையோரம் அடிச்சேறு கலங்கி எழும்பி அலையை அமுக்கிவிடும். சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அந்த இடம் மட்டும் குளம் மாதிரி கிடக்கும். மீனும் அங்கே கூட்டமாக வந்து சேரும். சாகரை என்பார்கள். ஜூன், ஜூலையில் புன்னப்பிரை, புறக்காடு பக்கம் அது விழுந்தால் கடற்கரை திருவிழாவாகிவிடும். டிசம்பரில் வருகிற உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொச்சியில் நவீன துறைமுகம் வந்ததும் ஆலப்புழை படுத்துவிட்டது. கப்பல் போனாலும் கயிற்றுத் தொழிற்சாலைகள் இருந்தன, தொழிலாளிகள் இருந்தார்கள். 1946 அக்டோபரில் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்து எழுந்து புன்னப்பிரையிலும் வயலாரிலும் துப்பாக்கிக்கு இரையானவர்களில் அவர்கள்தான் அதிகம்.

இந்த ஊரைப் பற்றித் தமிழில் படிக்க வேண்டுமென்றால் மலையாள எழுத்தாளர் தகழியின் 'தோட்டியின் மகன்' இருக்கிறது. எங்கள் நாகர்கோவில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தது. 'செம்மீ'னையும் அவர்தான் தமிழாக்கினார். 'தோட்டியின் மகன்' ஆலப்புழையின் மலம் அள்ளிய மூன்று தலைமுறையின் கதை. முதல் இரண்டு தலைமுறையின் பெயர் இசக்கிமுத்து, சுடலைமுத்து. எங்கள் திருநெல்வேலி, நாஞ்சில் பக்கத்துச் சாமிகளின் பெயர்கள் அவை. வாய்க்கால் தண்ணீரும் வாணிபமும் பார்க்க வருகிற நாம், இந்த ஊரைச் சுத்தமாக வைத்திருக்க வந்த தமிழர்களும் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு வரலாம். பிற்பாடு இதே நகராட்சி குப்பையை வீட்டுக்கு வீடு, வார்டுக்கு வார்டு மக்கவைத்துத் தீர்க்கிற முறையைக் கொண்டுவந்து, அதற்காக 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் பாராட்டையும் வாங்கியது. ஆகையால் வேன் ஜன்னல் வழியாக இலைப்பொட்டலத்தை வீசினால் இங்கே கேட்பதற்கு ஆள் உண்டு.

கோயில்களை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்: அம்பலப்புழை பால்பாயசம், மண்ணாறசாலை நாகர் என்று டிரைவருக்கே தெரியும். அம்பலப்புழைக்குக் கொஞ்சம் கிழக்கே கருமாடியில் மட்டும் இறங்குங்கள். தோட்டோரம் ஒரு கருங்கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார், இடப்பக்கம் பாதி உடைந்துபோய். ஊரார் கருமாடிக்குட்டன் என்று சொந்தப் பிள்ளையைப் போலக் கூப்பிடுகிறார்கள். இந்தக் கரையில் பௌத்தம் இருந்ததற்கு இதை விடக் கண்ணெதிர்ச் சாட்சி கிடைக்காது; நுழைவுக் கட்டணமும் கிடையாது. எடத்துவா புனித ஜார்ஜ் கோயிலுக்கு ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் குமரி, நெல்லை கடற்கரையிலிருந்து திரளாக வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை, என்னை விட நன்றாகத் தெரியும்.

திரும்பும் வழிக்கு ஒரு யோசனை. கோட்டயத்துக்கு நேர் ரோட்டில் போகாமல் வடக்கே சேர்த்தலை வழியாகத் தவணக்கடவுக்குப் போங்கள். அங்கிருந்து காயலைக் கடந்து வைக்கம் போக அரசுப் படகு உண்டு. 2017 ஜனவரியில் விட்ட 'ஆதித்யா', சூரிய சக்தியில் ஓடுகிற இந்தியாவின் முதல் பயணிகள் படகு. எஞ்சின் சத்தமே இருக்காது. குடும்பத்தைப் படகில் ஏற்றிவிட்டு வேனைத் தண்ணீர்முக்கம் அணை மேல் ரோடு வழியாக எதிர்க்கரைக்கு வரச் சொல்லுங்கள். உங்களில் ஒருவர் வேனிலேயே போனால் நல்லது. அணையின் நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, தெற்கே ஆகாயத்தாமரை எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று மற்றவர்களுக்கு வந்து சொல்லட்டும்.

வைக்கத்தில் பெரியார் நினைவகம் இருக்கிறது. 1924இல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் அவர் சிறை போன ஊர். நினைவகத்தைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு ஒரு மணிக்குள் வண்டியை எடுத்துவிட்டால், கோட்டயம் தாண்டி, குமுளி மலைப்பாதையை இருட்டுவதற்கு முன்னால் இறங்கிவிடலாம். தாமதமானால் சபரிமலை வண்டிகளோடு சேர்ந்து ஊர்ந்துதான் போக வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆலப்புழையில் நார்க்கடை வைத்திருக்கும் ஒரு நாகர்கோவில்காரன்